பாரசீகம் கற்க ஈரான் போக வேண்டுமா?

பாரசீகத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் அதைக் கற்க எங்கே போக வேண்டும்? பிரெஞ்சுக்குப் பாரிஸ், ஜப்பானியத்துக்கு டோக்கியோ என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். பாரசீகத்துக்குத் தெஹ்ரான் என்று அதே வேகத்தில் சொல்ல முடிவதில்லை. இன்று இம்மொழிக்கு மூன்று நாடுகளில் மூன்று பெயர்கள் உண்டு: ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தாஜிகிஸ்தானில் தாஜிக். சில நூற்றாண்டுகளுக்கு முன்போ இஸ்தான்புல் முதல் வங்காளம் வரை அரசவையிலும் அலுவலகத்திலும் கவிதை அரங்கிலும் புழங்கிய மொழி இது. அதைக் கற்றவர்களில் மிகப் பலர் ஈரான் மண்ணை மிதித்ததே இல்லை. எனவே எங்கே கற்பது என்ற கேள்விக்குள் இம்மொழி யாருடையது, அதில் தேர்ச்சி என்பது எது என்ற இரு கேள்விகளும் பொதிந்திருக்கின்றன. இதுவரை தரப்பட்ட விடைகளை நான்கு நிலைப்பாடுகளாக வகுக்கலாம். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே இடறுகிறது என்று பார்த்தால், கற்கும் இடம் கற்றலின் அளவைவிட மொழியின் எந்த அடுக்கு கைக்கு வருகிறது என்பதையே கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு ஓரளவு உறுதியோடு வரலாம்.

இந்தியாவில் எழுந்த பழைய வழக்கு

இந்தக் கேள்வியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் முதலில் எழுப்பியதாக நினைப்பது தவறு. 18ஆம் நூற்றாண்டு டெல்லியிலேயே இது கூர்மையான விவாதமாக இருந்தது. ஈரானின் அரசியல் குழப்பத்திலிருந்து தப்பி 1734இல் இந்தியா வந்த கவிஞர் ஹஸீன், இந்தியர்களின் பாரசீகத்தை மதிக்கவில்லை. அதற்கு மறுமொழியாக, டெல்லியின் பெரும் மொழியறிஞரான சிராஜுத்தீன் அலி கான் ஆர்ஸு, ஹஸீனின் கவிதைகளிலேயே குறைகளைத் தேடி எடுத்துத் தனி நூலாக எழுதினார். மொழியில் அதிகாரம் பிறப்பால் வருவதில்லை, பயிற்சியால் வருகிறது. முன்னோர் நூல்களில் ஆழ்ந்து தோய்ந்தவர் எந்த ஊர்க்காரராயினும் அவர் சொல் ஏற்கத்தக்கது என்பது ஆர்ஸு தரப்பு வாதத்தின் சாரம். இதை வெறும் தன்மானப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பாரசீக அகராதிக் கலை பெருமளவு வளர்ந்ததே இந்தியாவில்தான். புகழ்பெற்ற ‘புர்ஹானே காதி’ அகராதி 1652இல் கோல்கொண்டா சுல்தானின் ஆதரவில் ஹைதராபாத்தில் தொகுக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டு கழித்துக் கவிஞர் காலிப் எதிர்த்தரப்பில் நின்றார். 1828இல் கல்கத்தாவில் அவருடைய பாரசீகக் கவிதைகளைக் குறை கூறியவர்கள், கதீல் என்ற இந்தியக் கவிஞரின் வழக்கை மேற்கோளாகக் காட்டினார்கள். கதீலை ஃபரீதாபாத்தின் கத்ரி சாதிக்காரர் என்று ஏளனம் செய்த காலிப், ஈரானியரின் வழக்கு மட்டுமே சான்றாகும் என்று வாதிட்டார். பிற்காலத்தில் ‘புர்ஹானே காதி’யையும் தாக்கி ஒரு நூல் எழுதினார். தம் பாரசீகத்துக்கு ஆதாரமாக, ஈரானிலிருந்து ஆக்ராவுக்கு வந்து தம் வீட்டில் தங்கிக் கற்பித்த அப்துஸ் சமத் என்ற ஆசிரியரை அவர் குறிப்பிட்டதுண்டு. அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே அறிஞர்களிடையே ஐயத்துக்கு உரியது. காலிப்போ ஈரானுக்குப் போனதே இல்லை. ஈரான்தான் அளவுகோல் என்று வாதிட்டவரே அங்கே போகாமல் உயர்ந்த பாரசீகக் கவிதை எழுதினார் என்பது ஆர்ஸுவின் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. அவருக்கும் ஓர் ஈரானிய ஆசிரியரின் பெயர் தேவைப்பட்டது என்பது ஹஸீனின் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. பின்னால் வந்த நிலைப்பாடுகள் எல்லாம் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் ஊசலாடுகின்றன.

நூலே போதும் என்ற நிலைப்பாடு

முதல் நிலைப்பாடு, பாரசீகத்தை எழுத்து மரபின் மொழியாகவே காண்கிறது. ஃபிர்தௌசி, சாதி, ஹாஃபிஸ் ஆகியோரின் மொழியை இன்றைய ஈரானியப் பள்ளி மாணவரும் பெருமளவு புரிந்துகொள்கிறார். ஆயிரம் ஆண்டுகளில் எழுத்து மொழி அவ்வளவு மாறவில்லை என்றால், நல்ல இலக்கணமும் அகராதியும் சாதியின் ‘குலிஸ்தான்’ பிரதியும் கையில் இருக்க வெளிநாட்டுப் பயணம் எதற்கு என்பது இக்கட்சியின் கேள்வி. இஸ்லாமிய உலகின் மக்தப் என்னும் தொடக்கப் பள்ளிகளிலும் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஹெய்லிபரியிலும் இந்த நம்பிக்கையின் ஏதாவதொரு வடிவமே கோலோச்சியது. வில்லியம் ஜோன்ஸ் 1771இல் தம் பாரசீக இலக்கணத்தை வெளியிட்டபோது ஆசியாவையே பார்த்திருக்கவில்லை. அவர் கல்கத்தா வந்தது 1783இல். அந்த இலக்கணத்தைக் கொண்டு பாரசீகம் பயின்ற எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஈரான் போகாமலேயே 1859இல் உமர் கய்யாமை ஆங்கிலமாக்கினார். ஹாஃபிஸை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த ஆஸ்திரியர் ஹாமர்-புர்க்ஸ்டால் இஸ்தான்புல்லில் பணியாற்றியவர். அவருக்கு வழிகாட்டியது 16ஆம் நூற்றாண்டில் போஸ்னியரான சூதி துருக்கியில் எழுதிய ஹாஃபிஸ் உரை. போஸ்னியரின் துருக்கிய உரை வழியாக வியன்னாவுக்கு ஹாஃபிஸ் போய்ச் சேர்ந்த இந்தப் பாதையில் ஈரான் எங்குமே குறுக்கிடவில்லை.

இக்கட்சியின் மிக வலுவான சான்று கேம்பிரிட்ஜின் ஆர்.ஏ.நிக்கல்சன். ஜலாலுத்தீன் ரூமியின் ‘மஸ்னவி’யைப் பதிப்பித்து, மொழிபெயர்த்து, உரையும் எழுதி 1925க்கும் 1940க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். ஐரோப்பாவை விட்டு அவர் வெளியே சென்றதில்லை. இப்படி ஒரு சாதனை கண்முன் இருக்கையில் ஈரானில் வாழ்ந்தால்தான் பாரசீகம் வரும் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இந்த நிலைப்பாட்டின் பலவீனம் மொழியின் எழுத்திலேயே இருக்கிறது. பாரசீக எழுத்தில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பெயரையும் அடையையும் இணைக்கும் ‘இஸாஃபே’ என்ற ஒலியும் பெரும்பாலும் எழுத்தில் தெரியாது. எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதை வாசிப்பவரே உணர்ந்து ஒலிக்க வேண்டும். கண்ணால் மட்டும் கற்பவர் ஒவ்வொரு வரியிலும் ஊகத்தை நம்பியிருக்கிறார். ஊகம் தவறினால் திருத்தக் காது கிடையாது. யாப்பு தெரிந்தவர்க்குக் கவிதையில் சந்தம் துணை செய்யும், உரைநடையில் அந்தத் துணையும் இல்லை. ஹெய்லிபரி கல்லூரியே 1826இல் ஈரானைச் சேர்ந்த மிர்ஸா முஹம்மது இப்ராஹிமை ஆசிரியராக அமர்த்தியது. அவர் 1844 வரை அங்கே கற்பித்தார். நூல்வழிக் கல்வியின் கோட்டையிலேயே உயிருள்ள குரல் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. மேலும், 1837க்குப் பின் இந்திய அரசு அலுவலகங்களிலிருந்து பாரசீகம் படிப்படியாக விலக்கப்பட்டதும், ஈரானுக்கு வெளியே அதைச் சுற்றி இருந்த முன்ஷிகள் என்னும் பாரசீக எழுத்தர்களின் உலகம் கலைந்தது. ஆர்ஸுவின் காலத்து டெல்லியில் நூலே போதும் என்று சொன்னபோது அந்த நூலைச் சூழ்ந்து ஓர் உயிருள்ள சமூகம் இருந்தது. அது போன பிறகு அதே வாதம் பாதி பலத்தை இழந்துவிட்டது.

ஈரானில் வாழ்ந்தே கற்க வேண்டும் என்ற நிலைப்பாடு

இரண்டாம் நிலைப்பாட்டுக்கும் நீண்ட வம்சாவளி உண்டு. 1630களில் ஹோல்ஸ்டைன் தூதுக்குழுவோடு இஸ்ஃபஹான் சென்ற ஆடம் ஒலேயாரியுஸ், ஒரு பாரசீகரின் உதவியோடு ‘குலிஸ்தா’னை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1654இல் வெளியிட்டார். 1660, 1670களில் அதே நகரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பிரெஞ்சு நகை வணிகர் ஜான் ஷார்தேன், மொழியறிவின் பலத்தால் சஃபவி ஈரானைப் பற்றி நுட்பமாக எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் இது நிறுவனமாக உருவெடுத்தது. 1962 முதல் 1976 வரை அமெரிக்காவின் பீஸ் கோர் தன்னார்வலர்கள் ஈரானின் சிற்றூர்களில் பணியாற்றி மக்களிடமே மொழி கற்றார்கள். பெரும் அகராதியாளர் அலி அக்பர் தெஹ்கோதாவின் பெயரில் தெஹ்ரானில் இயங்கும் நிறுவனம் இன்றும் வெளிநாட்டாருக்கு வகுப்பு நடத்துகிறது. கஸ்வீனின் சர்வதேசப் பல்கலைக்கழகம் அயல்நாட்டு மாணவர்களைப் பட்டப் படிப்புக்கு முன் மொழியில் தயார் செய்கிறது. வெளிநாடுகளில் பாரசீகத்தைப் பரப்பும் பணிக்கென்றே சாதி அறக்கட்டளை 2010களில் செயல்படத் தொடங்கியது.

இக்கட்சியின் வலுவான வாதம் பேச்சு மொழியைப் பற்றியது. புத்தகப் பாரசீகத்துக்கும் தெஹ்ரான் தெருவின் பாரசீகத்துக்கும் இடையே உள்ள தொலைவு, செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவை அறிந்தவருக்கு உடனே விளங்கும். எழுத்தில் ‘கானே’ என்றிருக்கும் வீடு பேச்சில் ‘கூனே’ ஆகிறது. ‘மீரவம்’ என்னும் ‘போகிறேன்’, ‘மீரம்’ என்று சுருங்குகிறது. செயப்படுபொருளைக் காட்டும் ‘ரா’ தேய்ந்து ‘ரோ’ என்றோ வெறும் ‘ஓ’ என்றோ நிற்கிறது. இதை முழுமையான இரட்டை வழக்கு என்று அழைக்கலாமா என்பதில் மொழியியலாளரிடையே ஒற்றுமை இல்லை. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் அக்கருத்தை விளக்க எடுத்துக்கொண்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் பாரசீகம் இல்லை. ஒரே மொழியின் நடை வேறுபாடு மட்டுமே இது என்று சொல்வோரும் உண்டு. பெயர் எதுவானாலும் கற்பவருக்கு விளைவு ஒன்றுதான்: ஆன் லாம்டனின் 1953ஆம் ஆண்டு இலக்கணம் போன்ற நூல்களில் உள்ளவாறு மட்டும் பேசும் வெளிநாட்டவரை எல்லோரும் புரிந்துகொள்வார்கள், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அவருக்குப் புரியாது.

இலக்கணம் தாண்டிய இன்னொரு அடுக்கு ‘தஆரோஃப்’ என்னும் உபசார வழக்கு. விலை கேட்டால் கடைக்காரர் ‘உங்களுக்கு முன் இது ஒன்றுமே இல்லை’ என்பார். அது இலவசம் என்று பொருளல்ல. எத்தனை முறை மறுத்து எப்போது ஏற்பது, யாரிடம் எந்த வினைச்சொல்லால் தன்னைத் தாழ்த்தி எதிரே இருப்பவரை உயர்த்துவது என்பதெல்லாம் சூழலை ஒட்டியவை. மானிடவியலாளர் வில்லியம் பீமன் 1986இல் வெளியிட்ட நூலில் காட்டியபடி, இது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல, சமூகப் படிநிலையை நாள்தோறும் பேரம் பேசி வகுக்கும் முறை. இதன் விதிகளைப் பாடப் புத்தகத்தில் பட்டியல் இடலாம். எந்த விதி எப்போது பொருந்தும் என்ற கணிப்போ பல நூறு சின்னச் சின்ன சந்திப்புகளில்தான் படியும்.

இக்கட்சிக்கு எதிரான தடைகளும் சிறியவை அல்ல. ஈரானுக்குச் செல்லும் வாய்ப்பு ஒருவரின் கடவுச்சீட்டைப் பொறுத்தது. அமெரிக்க, பிரிட்டிஷ், கனடியக் குடிமக்கள் வழிகாட்டி இன்றித் தனியே சுற்றிவரப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு உண்டு. பாரசீகம் கற்கவும் ஆவணக் காப்பகத்தில் ஆய்வு செய்யவும் சென்ற ஓர் அமெரிக்க முனைவர் பட்ட மாணவர் 2016இல் கைதாகி, 2019 டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் விடுதலையானார். 2025 ஜூனில் இஸ்ரேலுடன் நடந்த பன்னிரண்டு நாள் போர் நிலைமையை மேலும் இறுக்கியது. மாணவிகளுக்குச் சட்டத்தின் உடைக் கட்டாயமும் உண்டு. எல்லோருக்கும் திறந்திராத ஒரு வழியை ஒரே வழி என்று அறிவிப்பது கல்விக் கொள்கையாக நிற்காது. தவிரவும், ஈரானில் வாழ்வது உண்மையிலேயே அவ்வளவு கற்றுத் தருகிறதா என்ற அடிப்படை ஐயமும் இருக்கிறது. அதற்கு ஆய்வுகளின் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது

வெளிநாட்டில் மொழி கற்பது பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி பிரெஞ்சு, ஸ்பானிஷ், ருஷ்ய மொழிகளைக் கற்ற அமெரிக்க மாணவர்களைப் பற்றியது. பாரசீகத்துக்கு அவற்றை அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். இருந்தும் மூன்று முடிவுகள் கவனத்துக்குரியவை. 1967இல் ஜான் கேரல் நடத்திய பெரிய மதிப்பீட்டில், வெளிநாட்டில் கழித்த காலத்துக்கும் மொழித் திறனுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. அடுத்து, பிரெக்ட், டேவிட்சன், கின்ஸ்பர்க் ஆகியோர் ருஷ்யாவில் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து, புறப்படும் முன்பே இலக்கணத்திலும் வாசிப்பிலும் வலுவாக இருந்தவர்களே அங்கே கூடுதலாக முன்னேறினார்கள் என்று கண்டார்கள். பேச்சில் ஆண்கள் பெண்களைவிட அதிகம் பயனடைந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். திறமையைவிட, அயல்நாட்டுப் பொது இடங்களில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் உரையாடலின் தன்மையோடு இது தொடர்புடையதாக இருக்கலாம்.

மூன்றாவது முடிவு இன்னும் சங்கடமானது. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி ஆகியோர் 2004இல் மூன்று வகை மாணவர்களை ஒப்பிட்டார்கள்: சொந்த நாட்டில் வழக்கமான வகுப்பில் பிரெஞ்சு பயின்றவர்கள், பிரான்ஸுக்குப் போய்ப் பயின்றவர்கள், சொந்த நாட்டிலேயே பிரெஞ்சு மட்டுமே பேச வேண்டிய தீவிரக் கோடைக்கால முகாமில் பயின்றவர்கள். சரளத்தில் அதிகம் முன்னேறியது முகாமில் இருந்தவர்கள். காரணம் எளியது: பிரான்ஸில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலமே அதிகம் பேசினார்கள். ஆக, நாடு தானாக எதையும் கற்பிப்பதில்லை. அந்த நாட்டில் அந்த மொழியில் கழித்த மணிநேரங்களே கற்பிக்கின்றன. தெஹ்ரானில் தங்கி மாலை முழுவதும் சக வெளிநாட்டு மாணவர்களோடு ஆங்கிலத்தில் அளவளாவுபவர், தம் ஊரில் ஓர் ஈரானியக் குடும்பத்தோடு நாள்தோறும் பேசுபவரைவிடக் குறைவாகக் கற்க வாய்ப்பு உண்டு.

இந்த முடிவுகளுக்குப் பாரசீக வரலாற்றிலேயே ஓர் ஒத்த சான்று கிடைக்கிறது. நிக்கல்சனின் ஆசிரியரான எட்வர்ட் பிரவுன், கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பல ஆண்டுகள் பாரசீகம் பயின்ற பிறகுதான் 1887இல் ஈரான் சென்றார். ஓராண்டு அளவே அங்கே சுற்றினார்; பாபி சமயத்தார், சூஃபிகள், அதிகாரிகள் என எல்லாத் தரப்பாரோடும் இடைவிடாமல் பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றிய அவர் நூல் 1893இல் வெளிவந்தது. அதன் பிறகு அவர் ஈரானுக்குத் திரும்பவே இல்லை. ஆயினும் 1905இல் தொடங்கிய அரசியலமைப்புப் புரட்சியை ஈரானியர்களோடு நெருங்கிப் பழகி எழுதிய வரலாறும், நான்கு தொகுதி இலக்கிய வரலாறும் அவர் கையிலிருந்து வந்தன. பிரவுனையும் நிக்கல்சனையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகும்: ரூமியின் மொழியில் இருவரும் தோய்ந்தவர்கள், தம் காலத்து ஈரானியரோடு அவர்கள் பேச்சிலேயே உறவாடும் ஆற்றல் பிரவுனிடம்தான் இருந்தது. ஈரானில் கழிந்த ஓராண்டு பிரவுனுக்குப் பாரசீகம் கற்பித்தது என்று சொல்ல முடியாது; ஏற்கனவே அறிந்திருந்த பாரசீகத்தின் மேல் ஒரு புதிய அடுக்கை அது எழுப்பியது.

துஷான்பே என்ற மாற்று

மூன்றாம் நிலைப்பாடு, ஈரானின் கதவு அடைபட்டால் பாரசீகம் பேசப்படும் வேறு நாட்டுக்குப் போகலாம் என்கிறது. ஆப்கானிஸ்தான் ஒரு காலத்தில் அத்தகைய நாடாக இருந்தது. 1964ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அங்குள்ள பாரசீகத்துக்குத் தாரி என்ற பெயரைச் சூட்டியது. நெடிய போர்களும், 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியதும் அந்த வழியைப் பெரும்பாலோருக்கு அடைத்துவிட்டன. மிச்சம் இருப்பது தாஜிகிஸ்தான். 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரில் சிக்கிய அந்நாட்டின் தலைநகர் துஷான்பேக்கு, அமெரிக்க அரசின் மொழி உதவித்தொகைத் திட்டங்கள் இன்று பாரசீக மாணவர்களை அனுப்புகின்றன.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம், தாஜிக் உண்மையான பாரசீகம் அல்ல என்பது. வரலாற்று நோக்கில் இது பலவீனமான வாதம். ‘பால்’, ‘சிங்கம்’ ஆகிய இரண்டும் இன்றைய ஈரானில் ஒரே ஒலியில் வழங்க, தாஜிக்கிலும் தாரியிலும் அவை வேறுபட்ட உயிரொலிகளோடு நிற்கின்றன. பழைய பாரசீகக் கவிஞர்கள் கடைப்பிடித்த வேறுபாடு அது. இந்தியப் பாரசீகமும் அதைக் காத்தது. பழமையை அளவுகோலாகக் கொண்டால் இந்த ஒரு விஷயத்தில் தெஹ்ரானே பின்தங்குகிறது. மெய்யான சிக்கல் வேறு. சோவியத் ஆட்சியில் 1920களின் இறுதியில் லத்தீன் எழுத்துக்கும் 1940இல் சிரிலிக் எழுத்துக்கும் தாஜிக் மாற்றப்பட்டது. ஈரானியப் பாரசீகத்தை நோக்கி வரும் மாணவர், தெருவில் காணும் பலகையை ஓர் எழுத்திலும் வகுப்பில் படிக்கும் நூலை மற்றோர் எழுத்திலும் வாசிக்க வேண்டியிருக்கிறது. ருஷ்யச் சொற்களும், ஈரானியருக்குப் பழக்கமில்லாத வினை வடிவங்களும் பேச்சில் மலிந்திருக்கின்றன. இவை தடைகள்தாம், ஆனால் இரண்டு பேச்சு வழக்குகளைக் கேட்டுப் பழகிய காது மூன்றாவதை விரைவில் பிடித்துக்கொள்ளும் என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட இயலாது. சமர்கந்திலும் புகாராவிலும் ஹெராத்திலும் உள்ள பாரசீக உலகைக் காண விரும்புபவருக்குத் துஷான்பேயே நேர்வழி. தெஹ்ரானின் நாவல்களையும் திரைப்படங்களையும் நோக்கியவருக்கு அது சுற்றுவழிதான், எனினும் போக முடிந்த வழி.

புலம்பெயர்ந்தோரும் இணையமும்

நான்காவது நிலைப்பாடு, நாட்டுக்குப் போகவே வேண்டாம், நாடு நம்மிடம் வந்துவிட்டது என்கிறது. 1979 புரட்சிக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ், டொராண்டோ, ஹாம்பர்க், ஸ்டாக்ஹோம் எனப் பரவிய ஈரானியர்கள் பேச்சு மொழியைத் தங்களோடு கொண்டுபோனார்கள். இது முற்றிலும் புதியதல்ல. பேச்சு வழக்கை நவீன உரைநடைக்குக் கொண்டுவந்த முன்னோடியான முஹம்மது அலி ஜமால்ஸாதேயின் சிறுகதைத் தொகுப்பு 1921இல் வெளிவந்தது பெர்லினில். பாரசீகத்தின் பேச்சு இலக்கியத்துக்கு ஈரானுக்கு வெளியே ஒரு பிறப்பிடம் அப்போதே இருந்தது. இன்று டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் ஈரானியர்கள் பேசுவது போலவே எழுதுகிறார்கள். முன்பு காதால் மட்டுமே கற்க முடிந்த ‘கூனே’வும் ‘மீரம்’மும் இப்போது கண்ணுக்கும் கிடைக்கின்றன. தெஹ்ரானில் இருக்கும் ஆசிரியரிடம் இணைய வகுப்பில் சேர்வதும் எளிதாகிவிட்டது.

இந்த வாதம் பேச்சு வழக்கின் சொற்களையும் வடிவங்களையும் பொறுத்தவரை பெருமளவு சரியே. அது இடறுவது இரண்டு இடங்களில். புலம்பெயர்ந்தோர் மொழி ஒரு குறிப்பிட்ட காலத்தில் உறையும் இயல்புடையது. அதன் சொல்வளம் வீட்டைச் சுற்றியே அமைகிறது. அலுவலகம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றின் பாரசீகம் அங்கே அரிது. இணைய உரையாடலில் இழப்பது வேறு: தவறு செய்தால் அதன் விளைவு உடனே தெரிகிற சூழல். தஆரோஃபில் தவறிய வெளிநாட்டவருக்கு எதிரே இருப்பவரின் முகம் சொல்லும் பாடத்தைத் திரை முழுமையாகத் தருவதில்லை. இணையம் பயணத்தின் தேவையைக் குறைத்திருக்கிறது. இல்லாமல் ஆக்கிவிட்டது என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

நோக்கத்தைப் பொறுத்த விடை

நான்கு நிலைப்பாடுகளும் தேர்ச்சியை ஒரே பொருளாகக் கொண்டு, அதை எங்கே பெறலாம் என்று கேட்பதால்தான் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றுகின்றன. தேர்ச்சியை அடுக்குகளாகப் பிரித்தால் முரண்பாட்டின் பெரும்பகுதி கரைகிறது. எழுத்து, இலக்கணம், வாசிப்பு ஆகிய அடித்தளத்துக்கு நல்ல ஆசிரியரும் நீண்ட நேரமும் வேண்டும், இடம் முக்கியமல்ல. அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் பாரசீகத்துக்கு 44 வாரமும் சுமார் 1,100 வகுப்பு மணிநேரமும் ஒதுக்குகிறது. தமிழும் அதே வகையில்தான் இருக்கிறது. அந்த மணிநேரங்களில் பெரும்பகுதியை எந்த ஊரிலும் கழிக்கலாம். பேச்சின் வடிவங்களுக்கு உயிருள்ள குரல் வேண்டும். அது தெஹ்ரானிலிருந்தும் வரலாம், பக்கத்துத் தெருவிலிருந்தும் வரலாம். சமூகப் புழக்கத்தின் நுட்பத்துக்கு மட்டும் அந்தச் சமூகத்துக்குள் வாழ்வதற்கு இணையான வழி இதுவரை காணப்படவில்லை.

சென்னையிலேயே இதற்கு ஒரு சோதனைக்களம் உண்டு. ஆற்காட்டு நவாபுகளின் அரசவை வரலாறு பாரசீகத்தில் எழுதப்பட்டது. முஹம்மது அலி வாலாஜாவின் காலத்தைச் சொல்லும் ‘துஸுகே வாலாஜாஹி’யை முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1930களில் அதை வெளியிட்டது. ஆற்காட்டு வரலாற்றின் இந்த மூலங்களைப் படிக்க விரும்பும் ஆய்வாளர் தெஹ்ரானில் ஓராண்டு வாழ்ந்தாலும், இந்திய முன்ஷிகளின் நடையும், வருவாய்த் துறைச் சொற்களும், கையெழுத்துப் பாணியும் அவருக்கு அங்கே கிடைக்காது. அவருக்குத் தேவை ஆர்ஸுவின் மரபு. தெஹ்ரானின் இன்றைய வாழ்வை ஆராய விரும்புபவருக்கோ அந்த மரபு மட்டும் போதாது; பிரவுனின் ஓராண்டு தேவை.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம்: மொழியை இப்படிப் பயன்பாட்டுத் துண்டுகளாக வெட்டுவது, பாரசீகத்தை முழுமையாக நேசித்துக் கற்க வருபவரை அவமதிப்பது ஆகாதா? ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஹாஃபிஸைப் படிக்கத் தொடங்கியவர் ஈரானிய வீடுகளில் அவர் நூலைத் திறந்து குறி பார்ப்பதைக் கண்ட பின் வேறு வகையில் வாசிக்கிறார். அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன. ஆனால் அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது அவற்றைப் பிரித்தே வைக்கச் சொல்வது அல்ல. எதை எந்த வரிசையில் பெறுவது என்று திட்டமிடவே அது பயன்படுகிறது. ருஷ்ய மொழி மாணவர் பற்றிய ஆய்வும் பிரவுனின் வாழ்வும் ஒரே வரிசையைச் சுட்டுகின்றன: முதலில் வீட்டில் அடித்தளம், பிறகு பயணம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் தெஹ்ரான் போய் இறங்குபவர், நாடு தரக்கூடிய அரிய அடுக்கைப் பெறும் நாள்களை, எங்கும் கிடைக்கும் அடித்தளத்துக்குச் செலவிடுகிறார்.

தீராமல் நிற்பவை

இந்த மதிப்பீட்டுக்கு எல்லைகள் உண்டு. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய மாணவர்களைப் பற்றியவை. ஈரானின் அயல்நாட்டு மாணவர்களில் ஆப்கானியர், இராக்கியர், பாகிஸ்தானியர் ஏராளம். கும் நகரின் சமயக் கல்வி நிறுவனங்களில் பாரசீகத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டு கற்கும் வெளிநாட்டவரும் பலர். உருதுவோ அரபியோ தெரிந்த ஒருவருக்கு எழுத்தும் பாதிச் சொல்வளமும் முன்பே கைவசம் இருக்கும்போது, அடித்தளத்துக்கும் பயணத்துக்கும் இடையே நாம் கண்ட வரிசை மாறக்கூடும். தெஹ்ரானில் கற்றவரையும் துஷான்பேயில் கற்றவரையும் ஒரே அளவுகோலால் நீண்ட காலம் தொடர்ந்து ஒப்பிடும் ஆய்வு வந்தால்தான் மூன்றாம் நிலைப்பாட்டை உறுதியாக எடைபோட முடியும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இணையத்தில் நெருங்கி வருவது, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை நிலையாகக் குறைக்குமா, அல்லது மூன்றாவதாக ஒரு நடையைச் சேர்க்குமா என்பதும் திறந்தே இருக்கிறது.

ஈரானுக்குப் போவது பாரசீகம் கற்பதற்கு நிபந்தனை அல்ல. அங்கே மட்டுமே எளிதில் கிடைக்கும் ஓர் அடுக்கு உண்டு என்பதும் மறுக்க முடியாதது. ஆர்ஸு வாதிட்டது நூல் மரபின் அடுக்கைப் பற்றி. அதில் அவர் சரி. ஹஸீனின் பெருமையில் மிகை இருந்தாலும், வாழும் புழக்கத்தின் அடுக்கு ஒன்று உண்டு என்ற உணர்வு அதற்குள் இருந்தது, அதுவும் சரி. கடவுச்சீட்டும் போரும் அரசியலும் இன்று பலரைத் தெஹ்ரானிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. அவர்கள் இழப்பது பாரசீகத்தை அல்ல, அதன் ஒரு பகுதியை. அந்த இழப்பை மற்ற மூன்று வழிகளும் சேர்ந்து எவ்வளவு தூரம் ஈடுசெய்யும் என்பதே இனி ஆராய வேண்டியது.